தொய்வு: இழுப்பு நின்ற பிறகும் அணையாத அழல்

ஆஸ்துமாவுக்கு எங்கள் கிழக்கிலங்கைப் பேச்சில் பல பெயர்கள். தொய்வு என்போம், முட்டு என்போம், இழுப்பு என்போம். ‘ஆஸ்மா’ என்று ஆங்கிலத்தை எங்கள் வாய்க்கேற்ப வளைத்தும் சொல்வோம். ஆஸ்துமா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் மூச்சிரைத்தல் என்பதே பொருள். இந்தப் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். எல்லாமே வெளியில் தெரிகிற, காதில் கேட்கிற அவதிக்கு வைத்த பெயர்கள். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை இவற்றில் ஒன்றும் சொல்வதில்லை.

உள்ளே நடப்பதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அழற்சி. தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் இந்தச் சொல்லில் சற்று நின்றுவிட்டுப் போகிறேன். அழல் என்றால் நெருப்பு. அழலிலிருந்து வந்தது அழற்சி. ஆங்கிலத்தின் ‘இன்ஃப்ளமேஷன்’ சுவாலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அரபியில் அழற்சிக்கு ‘இல்திஹாப்’ என்று பெயர். அதன் வேர் லஹப், அதாவது சுவாலை. ‘லஹப்’ ஸூரா பாடமில்லாத பிள்ளை எங்கள் குர்ஆன் மத்ரஸாக்களில் இருக்காது. ஆக, மூன்று மொழிகளும் இந்த நோய்நிலையை நெருப்பு என்றே பார்த்திருக்கின்றன.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இழுப்பு புகை மாதிரி, அழற்சிதான் நெருப்பு. புகை கலைந்ததும் நெருப்பு அணைந்துவிட்டது என்று நம்பி மருந்தை நிறுத்துகிறவர்கள் எங்கள் சமூகத்தில் ஏராளம். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமையே இல்லாமல் வரும் ஆஸ்துமாவுக்கும் இது பொதுவான ஆபத்து. நான் டொக்டர் அல்ல. ஆனால் என் வீட்டில் இந்த இரண்டு வகை நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு கிளினிக்குக்கு அலைந்த ஆண்டுகளில் கேட்டதையும் அதன் பின் தேடி வாசித்ததையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

குழாய்க்குள் நடப்பது

மூக்கால் இழுக்கும் காற்று வாதனாளி வழியே இறங்கி, இரண்டாகப் பிரிந்து, பிறகு ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக ஏறக்குறைய 23 தடவை கிளைத்துச் சிற்றறைகளைச் சேர்கிறது. ஒரு மரத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. இந்தக் குழாய்களின் உட்பக்கம் மேலணிக் கலங்களால் ஆன மெல்லிய விரிப்பு. அதற்குக் கீழே குருதிக் குழாய்கள் ஓடும் தளர்ந்த இழையம். அதைச் சுற்றி, எங்கள் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை நார்கள்.

ஆஸ்துமாவில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. தசை சுருங்குகிறது, சுவர் வீங்குகிறது, சளி பெருகி ஓட்டையை அடைக்கிறது. குழாயின் ஆரை பாதியாகக் குறைந்தால் அதனூடு பாயும் காற்றுக்குரிய தடை இரண்டு மடங்காகும் என்றுதான் நாம் நினைப்போம். பௌதிகக் கணக்கு அப்படியில்லை. சீராகப் பாயும் காற்றுக்குத் தடை பதினாறு மடங்காகிறது. அரை மில்லிமீற்றர் வீக்கம் ஒரு பிள்ளையை ஏன் இரவு முழுக்கக் குந்த வைக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

நீண்ட காலமாக மருத்துவர்களின் கண் முதலாவது காரியத்திலேயே, அதாவது தசைச் சுருக்கத்திலேயே இருந்தது. 1860இல் ஆஸ்துமா பற்றிப் பெரிய நூல் எழுதிய ஹென்றி ஹைட் சால்ட்டர் என்ற ஆங்கில மருத்துவர் தானும் ஒரு ஆஸ்துமா நோயாளி. பூனைக்குக் கிட்டப் போனால் தனக்கு இழுக்கிறது என்று எழுதியவர். அவரும் இதைத் தசையின் இழுப்பு நோயாகவே விளக்கினார். ஆஸ்துமாவால் இறந்தவர்களின் சுவாசப்பையைத் திறந்து பார்த்தவர்கள் அடைத்த சளியையும் வீங்கிய சுவரையும் ‘இயோசினோநாடி’ என்ற வெண்குருதிக் கலங்களின் கூட்டத்தையும் கண்டிருந்தார்கள். ஆனால் அது சாவில் முடிந்த கடும் நோயின் அடையாளம் என்றே எண்ணினார்கள்.

1980களில் அந்த எண்ணம் மாறியது. வளையும் மெல்லிய குழாயை மூச்சுக் குழாய்க்குள் விட்டு, உயிரோடிருக்கும் நோயாளிகளிடமிருந்தே கடுகளவு இழையத்தைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பலர் மிக இலேசான ஆஸ்துமாக்காரர்கள். பரிசோதனை நடந்த அன்று இழுப்பு இல்லாதவர்கள். அவர்களின் சுவரிலும் இயோசினோநாடிகள் குவிந்திருந்தன. மேலணி அங்கங்கே உரிந்திருந்தது. அதன் அடித்தளம் தடித்துப் போயிருந்தது. ஆள் சுகமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதும் உள்ளே தணல் கிடக்கிறது என்பதை அப்போதுதான் உலகம் கண்ணால் கண்டது.

கையில் காயம்பட்டு அழற்சி வந்தால் சிவக்கும், வீங்கும், சுடும், நோகும். இந்த நான்கையும் பழைய ரோமாபுரி நூலே எழுதி வைத்திருக்கிறது. மூச்சுக் குழாயின் அழற்சி நோவதில்லை. நோகாததை நோய் என்று நம்புவது மனுசனுக்குக் கஷ்டம்தான்.

ஒவ்வாமை என்ற வாசல்

அல்-ராஸி (865–925) தன் காலத்து அறிஞர் அபூ ஸைத் அல்-பல்ஹிக்கு வசந்தகாலத்தில் ரோஜா மணக்கும்போது ஏன் தடிமன் பிடிக்கிறது என்பதை விளக்க ஒரு தனி நூலே எழுதினார். ஒரு பருவத்தையும் ஒரு பொருளையும் ஒரு நோயையும் தொடுத்துப் பார்த்த மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் எல்லாருக்கும் இனிய மணம் ஒருவருக்கு மட்டும் ஏன் நோயாகிறது என்ற கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க ஆயிரம் ஆண்டு சென்றது.

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பேர்க்கே. 1921இல் ஜேர்மனியில் ஒரு துணிச்சலான பரிசோதனை நடந்தது. ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய குருதி நீரைத் துளியளவு எடுத்து, மீன் ஒத்துக்கொள்ளும் கார்ல் ப்ரவ்ஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். அடுத்த நாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அங்கே மட்டும் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமை என்பது குருதியில் ஓடுகிற ஏதோ ஒரு பொருள் என்பது அதனால் உறுதியானது. அந்தப் பொருள் எது என்பதை 1966–67இல் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியும் சுவீடனில் ஜொஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்டார்கள். அதுதான் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி.

இது வேலை செய்யும் முறையை என் தங்கச்சியின் மகனை வைத்துச் சொல்கிறேன். அவனுக்கு ஒவ்வாதது வீட்டுத் தூசிச் சிற்றுண்ணி. கண்ணுக்குத் தெரியாத, மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளமான உயிர். மெத்தையிலும் தலையணையிலும் எங்கள் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்வது. ஈரக் காற்று அதற்கு நல்ல விருப்பம். எங்கள் கடற்கரை ஊர்களைப் போல வசதியான இடம் அதற்கு வேறெங்கே கிடைக்கும்? அதன் எச்சத்திலுள்ள புரதம் மூச்சோடு உள்ளே போகிறது. மேலணிக் கலங்களை ஒட்டியிருக்கும் பிணைப்பையே வெட்டும் ஆற்றல் அந்தப் புரதங்கள் சிலவற்றுக்கு உண்டு. உள்ளே காவலிருக்கும் கலங்கள் அதைப் பிடித்து, நிர்ப்பீடனத் தொகுதிக்கு எதிரி என்று காட்டிக்கொடுக்கின்றன. உடல் அதற்கென்றே ஐ.ஜி.ஈ செய்து மாஸ்ட் கலங்களின் மேலே குத்தி வைக்கிறது. இவ்வளவும் ஆயத்தம் மட்டும்தான். ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த தடவை அதே புரதம் வந்தால் மாஸ்ட் கலம் வெடித்தது போல் ஹிஸ்டமினையும் லியூகோட்ரையீனையும் கொட்டுகிறது. சில நிமிசத்துக்குள் தசை சுருங்கி இழுக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் அது தணிந்தும் விடும். கதை அத்தோடு முடிவதில்லை. நான்கு முதல் எட்டு மணித்தியாலம் கழித்து இரண்டாவது அலை வருகிறது. அதற்குள் குருதியிலிருந்து இயோசினோநாடிகள் வந்து சேர்ந்து, தங்கள் நச்சுப் புரதங்களால் சுவரைப் புண்ணாக்குகின்றன. பின்னேரம் பழைய மெத்தையை உதறிய வீட்டில் இராத்திரி பிள்ளைக்கு இழுப்பது இதனால்தான். ‘ராவைக்கு ஐஸ்கிறீம் குடுத்ததாலதான்’ என்று உம்மாவும் மாமியும் சண்டை பிடிக்கிறார்கள். குற்றவாளி பின்னேரமே வந்து போய்விட்டான்.

ஒவ்வாமை இல்லாத வாசல்

என் உம்மாவுக்கு ஆஸ்துமா தொடங்கியது நாற்பத்தைந்து வயதில். ஒரு கடும் தடிமன் வந்தது. தடிமன் போனது, இழுப்பு போகவில்லை. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றுமே தடிக்கவில்லை. குடும்பத்தில் அதைக் கேட்டவர்கள், “ஒத்துக்கொள்ளாதது ஒண்டும் இல்லையாமே, அப்ப இது ஆஸ்மா இல்ல, மனப் பயம்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பால் உம்மா பட்ட மனவேதனை நோயின் வேதனைக்குக் குறைந்ததல்ல.

அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் ராக்கமன் 1947இலேயே ஆஸ்துமாவை இரண்டாகப் பிரித்து எழுதினார். வெளியிலுள்ள பொருளால் தூண்டப்படுவது ஒன்று. அப்படியொரு பொருளைக் காட்ட முடியாமல் உள்ளிருந்தே எழுவது மற்றது. இரண்டாவது வகை பெரும்பாலும் நடுத்தர வயதில் தொடங்கும். பெண்களில் சற்று அதிகம். பலருக்கு மூக்கடைப்பும் மூக்குக்குள் சதை வளர்ச்சியும் கூடவே இருக்கும். வைரஸ் தடிமன், அடுப்புப் புகை, நுளம்புத்திரி, சாம்பிராணி, குளிர்ந்த காற்று ஆகியன இதைக் கிளப்பும்.

1990களில் இரு வகையினரின் இழையங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. இரண்டிலும் இயோசினோநாடிகள். அவற்றை அழைத்துவரும் இன்டர்லியூகின்-5 என்ற தகவல் மூலக்கூறும் இரண்டிலும் இருந்தது. ஐ.ஜி.ஈ இல்லாமல் இந்த அழைப்பு எப்படிப் போனது? 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் விடை துலங்கத் தொடங்கியது. புகையோ வைரஸோ மேலணியைக் காயப்படுத்தும்போது அந்தக் கலங்களே அபாய மணி அடிக்கின்றன. ஒரு பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைக்கத் தேவையில்லாத, பிறப்பிலேயே ஆயத்தமாக நிற்கும் ஒரு வகை நிணநீர்க் கலங்கள் அந்த மணியைக் கேட்டு, அதே இன்டர்லியூகின்-5ஐ நேரடியாகச் சுரக்கின்றன. ஒவ்வாமைக்காரருக்கு ஐ.ஜி.ஈ என்ற முன்வாசலால் வந்த அதே கூட்டம் இவர்களுக்குப் பின்வாசலால் வருகிறது. வீட்டுக்குள் எரிவது ஒன்றே.

இந்தப் பின்வாசலுக்கு ஒரு கூர்மையான உதாரணம் அஸ்பிரின். வளர்ந்த ஆஸ்துமாக்காரர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அஸ்பிரின், இபுபுறோபன் போன்ற நோவுக் குளிசைகள் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் கடும் இழுப்பைக் கொண்டுவரும். 1922இல் பிரான்சில் பெர்னாண்ட் விடால் இதை விவரித்தார். இதில் ஐ.ஜி.ஈக்கு வேலையில்லை. அந்தக் குளிசை உடலின் ஒரு இரசாயனப் பாதையை அடைக்க, லியூகோட்ரையீன் பெருகிவிடுகிறது. தோல் பரிசோதனையில் இது பிடிபடாது. ஆகவே மூக்கில் சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும் உள்ளவர்கள் கடையில் நோவுக் குளிசை கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கத்தை விட வேண்டும். டொக்டரிடம் சொல்லியே எடுக்க வேண்டும்.

எங்கள் நாட்டுத் தூசிகள்

வாசல் எது என்று பிரிப்பது எப்போதும் இலேசில்லை. வேலைத்தலத் தூசி சிலருக்கு ஒவ்வாமையாகவும் சிலருக்கு வெறும் எரிச்சலாகவும் வேலை செய்யும். இந்த விடயத்தில் உலக மருத்துவ ஏடுகளில் இலங்கைக்கு ஒரு இடம் உண்டு. நெஞ்சு நோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் வரும் ஆஸ்துமா பற்றி 1970இல் பிரித்தானிய ஏடொன்றில் எழுதினார். 1984இல் கறுவாத் தொழிலாளர் 40 பேரை ஆராய்ந்து, அவர்களில் ஒன்பது பேருக்கு ஆஸ்துமா இருந்ததை வெளியிட்டார். மிளகாய் அரைப்போரையும் தும்பு, பஞ்சு வேலை செய்வோரையும் அவர் ஆராய்ந்திருந்தார். கறுவாக்காரரின் வீதம் அவர்கள் எல்லாரையும் விட மிக அதிகம். லீவு நாளில் சுகமாகவும் வேலை நாளில் இழுப்பாகவும் இருந்தால் அதைக் குறித்து வைத்து டொக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத விடை சில வேளை கலண்டரில் தெரியும்.

எல்லா அழற்சியும் ஒன்றல்ல

இரண்டு வாசலுக்கும் ஒரே வீடு என்றேன். அதற்கு விலக்கும் உண்டு. சிலரின் மூச்சுக் குழாயில் இயோசினோநாடிக்குப் பதிலாக நடுநிலைநாடி என்ற வேறு வெண்கலம் நிற்கும். புகைப்பவர்களிலும் உடற்பருமன் கூடியவர்களிலும் இந்த வகையைக் காணலாம். வழக்கமான ஸ்டீரொய்ட் மருந்துக்கு இது அவ்வளவாகப் படிவதில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு மருந்தின் வரலாறு காட்டுகிறது. இன்டர்லியூகின்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசியை 2000களின் தொடக்கத்தில் ஆஸ்துமாக்காரர்களுக்குப் பொதுவாகப் போட்டுப் பார்த்தபோது பெரிய பலன் தெரியவில்லை. 2009இல் இயோசினோநாடி அதிகமுள்ளவர்களை மட்டும் தெரிந்தெடுத்துப் போட்டார்கள். அவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. மருந்து ஒன்றுதான், ஆளைத் தெரிந்தெடுத்த முறைதான் மாறியது. கிளினிக்கில் டொக்டர் இரத்தத்தில் இயோசினோநாடி எண்ணிக்கை பார்க்கச் சொன்னால் அது வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். எந்த நெருப்பு என்று பார்க்கிறார்.

இரண்டு இன்ஹேலர், இரண்டு வேலை

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல் இன்ஹேலர் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிசத்தில் சுகம் தெரியும். அழற்சியை அது தொடுவதேயில்லை. இன்னொன்று ஸ்டீரொய்ட் அடங்கிய தடுப்பு இன்ஹேலர். அதை அடித்தால் உடனே ஒரு வித்தியாசமும் தெரியாது. நாள் கணக்கில், கிழமைக் கணக்கில் மெதுவாக அழலைத் தணிப்பது அதுதான். உடனே சுகம் தருவதை மருந்தென்று நம்பி, மெதுவாகச் சுகப்படுத்துவதை ஒதுக்குவதுதான் எங்கள் வழக்கம். என் உம்மா, “இழுப்பு நிண்டிட்டு, இனி என்னத்துக்கு இது?” என்று தடுப்பு மருந்தை அலுமாரிக்குள் வைத்தார். ஆறாவது கிழமை ஒரு நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரி வாட்டில், மூக்கில் ஒட்சிசனோடு இருந்தார்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளாவிய வழிகாட்டல் தரும் ‘ஜீனா’ அமைப்பு, வளர்ந்தவர்களும் பதின்ம வயதினரும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019இல் திட்டவட்டமாக அறிவித்தது. காரணம் இதுவரை சொன்னதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அதே ஆண்டில் 262 மில்லியன் பேருக்கு ஆஸ்துமா இருந்தது; 455,000 பேர் அதனால் மரணித்தார்கள்.

‘இன்ஹேலர் பழகினால் விட ஏலாது, குளிசை நல்லது’ என்ற பேச்சையும் கணக்குப் பார்ப்போம். சல்பியூட்டமோல் இன்ஹேலரின் ஒரு அடி 100 மைக்ரோகிராம். ஒரு குளிசை 4 மில்லிகிராம், அதாவது நாற்பது அடியின் அளவு. குளிசை வயிற்றுக்குள் போய், உடம்பு முழுக்கச் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, பிறகுதான் சுவாசப்பைக்கு வருகிறது. இன்ஹேலர் போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது. தடுப்பு இன்ஹேலரை அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண் வருவதும் குறையும்.

றமழானில் இந்தக் கேள்வி இன்னும் இறுகுகிறது. இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடையே இரு கருத்தும் உண்டு. அதில் புகும் தகுதி எனக்கில்லை. உங்கள் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் காலையும் மாலையும் அடிக்கும் தடுப்பு மருந்தை ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அதை மாதம் முழுக்க நிறுத்திவைக்க நோன்பு ஒரு காரணமாகாது. நோன்புக்கு முன்பே டொக்டரிடம் நேரத்தைப் பேசி வைப்பது நல்லது. பகலில் இழுப்பு வந்துவிட்டால் தயங்காமல் மருந்தை எடுக்க வேண்டும். நோயாளிக்குக் குர்ஆனே தந்திருக்கும் சலுகையை வேண்டாம் என்று மறுத்து மூச்சை இழப்பது பக்தியாகாது.

தூசிச் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளையின் படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒரு தடவை நல்ல சுடுதண்ணீரில் கழுவுங்கள். என் உம்மா போன்றவர்களுக்கு அதனால் பெரிய பலன் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது புகையில்லாத குசினியும் தடிமன் வரும் முன்னே எச்சரிக்கையும்தான். வகையை அறிவதால் வரும் பயன் இது. தடுப்பு மருந்தை டொக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பது மட்டும் இருவருக்கும் பொது.

கடைசியாக, வாத்தியாராக ஒரு வார்த்தை. என் வகுப்புகளில் இன்ஹேலரைப் புத்தகப் பையின் அடியில் ஒளித்து வைக்கிற பெண் பிள்ளைகளைக் காண்கிறேன். “நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆக்கள் கதைப்பாங்க சேர்” என்று ஒரு தாய் என்னிடமே சொன்னார். அந்தப் பிள்ளைக்கு விளையாட்டுப் போட்டி நாளில் இழுத்தால், பையின் அடியிலிருந்து இன்ஹேலரைத் தேடி எடுக்க எத்தனை நிமிசம் செல்லும் என்று அந்தத் தாய் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடி போடுகிற பிள்ளையைப் பற்றி நாம் ஒன்றும் கதைப்பதில்லை. இன்ஹேலரும் அப்படி மேசையின் மேலே இருக்கட்டும். எடுக்கிற முறையை வகுப்பாசிரியரும் பக்கத்துப் பிள்ளையும் தெரிந்து வைத்திருக்கட்டும்.